ஆறிலும் சாவு, நூறிலும் சாவு: கடிதமும் பதிலும்

வணக்கம் சேர்,

தொண்ணூறுகளில் உங்களிடம் கணிதம் படித்தவள் நான். நிகழ்தகவு படிப்பிக்கும்போது ஒரு துணிப்பையில் சிவப்பு மணியும் நீல மணியும் போட்டுக்கொண்டு வருவீர்கள், ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. இப்போது யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் இருக்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது. ரொறன்ரோவில் தம்பியின் மகளுக்கு அரங்கேற்றம், விசாவும் வந்துவிட்டது. ஆனால் அகமதாபாத்தில் விமானம் விழுந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து வரமாட்டேன் என்று நிற்கிறார். இன்னொரு பக்கம், சீனிக்கும் பிரஷருக்கும் கிளினிக் போய் எட்டு மாதமாகிறது. கேட்டால் "ஆறிலும் சாவு, நூறிலும் சாவு" என்கிறார்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், விபத்துத் தடுப்புக்காக இயங்கும் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்புக் கவுன்சிலின் (National Safety Council) பட்டியல் ஒன்றைப் போட்டிருந்தார். ஒரு மனிதர் எதனால் இறக்கக்கூடும் என்பதற்கு அதில் எண்கள் இருக்கின்றன. இருதய நோய் 6இல் 1, புற்றுநோய் 7இல் 1, வாகன விபத்து நூறில் 1ஐ ஒட்டி, மின்னல் லட்சத்துக்கும் மேலே போய் 1. அப்பாவுக்குக் காட்டினேன். "அப்ப நெஞ்சு வருத்தம் எண்டு எழுதியிருந்தால் எழுதினதுதான்" என்றார். இந்தப் பட்டியலை நம்பலாமா சேர்? எங்களுக்கும் பொருந்துமா?

சி., கோண்டாவில்

அன்புள்ள சி.,

பை ஞாபகம் இருக்கிறது. மனைவி பழைய சேலைத் தலைப்பில் தைத்துத் தந்தது. 1995 ஐப்பசியில் சண்டையால் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது எங்கோ விட்டுவிட்டோம். வகுப்பில் உம்மை "நீர்" என்றுதான் கூப்பிட்டிருப்பேன், இங்கேயும் அப்படியே விடுகிறேன்.

பட்டியல் பொய்யில்லை. கணக்கும் பெரிய வித்தையில்லை. நாட்டின் சனத்தொகையை, ஒரு காரணத்தால் அந்த வருடம் இறந்தவர்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். வருவதை மறுபடி சராசரி ஆயுளால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் இலங்கைக்கும் செய்து பார்க்கலாம். 2024 குடிசனக் கணக்கெடுப்பின்படி நாங்கள் 2 கோடி 17 லட்சம் பேர். வீதி விபத்தில் வருடத்துக்கு 2,500 பேர் அளவில் சாகிறார்கள். வகுத்தால் 8,700 பேருக்கு ஒருவர். ஆயுளை 77 என்று வைத்து மறுபடி வகுத்தால் 113. ஆக, அமெரிக்காவின் நூறுக்குப் பக்கத்தில்தான் எங்கள் எண்ணும் நிற்கிறது. அங்கே பெரும்பாலும் காருக்குள் இருப்பவர்கள் சாகிறார்கள். இங்கே மோட்டார் சைக்கிள்காரரும் நடந்து போகிறவர்களும் சேர்ந்தாலே பாதிக்கு மேல்.

கடைசியில் ஆயுளால் வகுத்தோமே, அந்த இடத்தைக் கொஞ்சம் கவனியும். அந்த வருடம் பிறந்த ஒரு குழந்தை, தன் ஆயுள் முழுக்க அதே வருடத்துச் சாவு விகிதங்களுக்குள் வாழ்ந்து முடித்தால் என்ன நடக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. அதாவது அது ஒரு கைக்குழந்தையின் சாதகம். உமது அப்பா கைக்குழந்தை இல்லை. கிணற்றடியில் விழுகிற வயதையும், மோட்டார் சைக்கிளில் கை விட்டு ஓடுகிற வயதையும் தாண்டி வந்துவிட்டார். அந்த வரிகள் அவருக்குச் சுருங்கிவிட்டன, நெஞ்சின் வரி தடித்துவிட்டது. லண்டனில் காப்புறுதிக் கணக்குப் பார்த்த பெஞ்சமின் கொம்பேர்ட்ஸ் என்பவர் 1825இல் ஒன்றைக் கண்டுபிடித்தார். வளர்ந்த மனிதரின் சாவு விகிதம் வயதோடு கூட்டிக் கூட்டி ஏறவில்லை, பெருக்கிப் பெருக்கி ஏறுகிறது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. அப்பாவுக்கும் உமக்கும் 24 வயது இடைவெளி என்று வைத்தால் மூன்று தரம் இரட்டிப்பு. உம்மைவிட எட்டு மடங்கு. இதை அவரிடம் சொல்லவேண்டாம், உமக்குத்தான்.

பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறீர். சில வரிகள் பொருந்தும், சில வரிகளைப் பார்த்தால் வேறு கிரகம் போல இருக்கும். ஓபியொயிட் வகை மருந்தும் போதையும் அளவுமீறிச் சாவது அந்தப் பட்டியலில் வாகன விபத்துக்கும் மேலே நிற்கிறது. துப்பாக்கியால் கொல்லப்படுவது இருநூற்றுச் சொச்சத்தில் ஒன்று. அதெல்லாம் அவர்களுடைய வளவுக்குள் நடக்கிற பிரச்சினை.

எங்களுடையது பாம்பு. அமெரிக்காவில் வருடத்துக்கு ஐந்து பேர் அளவில்தான் பாம்பு கடித்துச் சாகிறார்கள். எங்களைவிடப் பதினைந்து மடங்கு சனமுள்ள நாடு அது. இலங்கையில் 2012-13இல் வீடு வீடாகப் போய் விசாரித்து ஆய்வு செய்தார்கள். வருடத்துக்கு 80,000 கடி, 400 சாவு என்று மதிப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிப் பதிவுகளை மட்டும் பார்த்தால் சாவு நூறை ஒட்டியே இருந்தது. மிச்ச முந்நூறு பேர் எங்கே போனார்கள்? விசகடிப் பரியாரியிடம் போனவர்கள், வயலிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர முன்னரே முடிந்தவர்கள், இரவில் பாயில் படுத்தபடி கடி வாங்கி விடியும் வரை சொல்லாமல் இருந்தவர்கள். பட்டியலில் வருவது எண்ணப்பட்ட சாவு மட்டும்தான்.

என் அம்மா வீட்டில்தான் போனா, 81 வயதில். இரண்டு மாதமாகக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை அடுக்கிச் சாய்ந்தபடிதான் நித்திரை கொண்டா. இருதயம் களைத்துப்போன ஆளின் அறிகுறிகள் என்று இப்போது தெரிகிறது. கிராம சேவகரின் கடிதத்தோடு பதிவாளரிடம் போனேன். காரணம் என்ற கட்டத்தில் அவர் "முதுமை" என்று எழுதினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நாட்டின் இருதய நோய்க் கணக்கில் அம்மா இல்லை. அப்படி இருந்தும் இலங்கையில் ஐந்தில் நான்கு சாவுகள் தொற்றாத நோய்களால்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அம்மாவையும் சேர்த்தால் இன்னும் ஒன்று கூடும்.

இனி அப்பாவின் பழமொழிக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், அந்த அமெரிக்கப் பட்டியலும் அதையேதான் சொல்கிறது. ஆறில் ஒன்று இருதயம், நூறில் ஒன்று வீதி! சாவுக்கான எல்லாக் காரணங்களையும் ஒன்று விடாமல் சேர்த்தால் ஒன்றுதான் வரவேண்டும், ஒருவரும் தப்பமாட்டார். ஒருவர் புற்றுநோய்க்குத் தப்பினால் அவருடைய பங்கு வேறு வரிக்குப் போய்ச் சேரும். அதனால் 6இல் 1 என்பதைப் பார்த்து நெஞ்சைப் பிடிக்கத் தேவையில்லை. பட்டியல் எதனால் என்று சொல்லும், எப்போது என்று வாயே திறக்காது. 92 வயதில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்மனைக் கதிரையில் கண் மூடியவரும், 46 வயதில் வங்கி வாசலில் விழுந்தவரும் அங்கே ஒரே வரியில், ஒரே ஒன்று. கிளினிக் போகிற ஆள் சாவை நிறுத்தப் போகவில்லை, திகதியைத் தள்ளிப்போடப் போகிறார். அப்பாவின் பழமொழியில் ஆறுக்கும் நூறுக்கும் நடுவே 94 வருடம் கிடக்கிறதே, அதை அவர் ஏன் வாசிக்காமல் தாண்டுகிறார் என்று கேளும்.

மணிகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நான் படிப்பித்தது ஒரு வகையில் தவறு. பையில் மூன்று சிவப்பு, இரண்டு நீலம், கண்ணை மூடி எடு என்றேன். எல்லா மணியும் ஒரே அளவு, ஒரே பாரம், எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பு. மனிதர் அப்படி இல்லை. உமக்கும் தெரியும், பாடம் நடக்கும்போது குண்டு போடுகிற சகடை விமானம் வந்தால் எல்லோரும் வளவுப் பங்கருக்குள் இறங்குவோம். அந்த நாட்களில் யாராவது எங்களுக்கு ஒரு பட்டியல் போட்டிருந்தால் முதல் வரியில் ஷெல்லும் குண்டும் இருந்திருக்கும். ஆனால் ஒரே ஊருக்குள் முகாமுக்குப் பக்கத்து ஒழுங்கைக்கு ஒரு எண், கடற்கரைக்கு ஒரு எண், பங்கர் வெட்ட ஆள் இல்லாத கிழவியின் வீட்டுக்கு இன்னொரு எண். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் இறங்கி, உள்ளே சுருண்டு கிடந்த புடையனை மிதித்தார். அதற்குப் பிறகு டோர்ச் அடித்துப் பார்க்காமல் ஒருவரும் இறங்குவதில்லை. ஷெல்லுக்கு நாங்கள் ஒன்றும் செய்ய முடியவில்லை, பாம்புக்கு ஒரு டோர்ச் போதுமாக இருந்தது.

பயம் எப்போதும் மடத்தனம் என்று நான் நினைக்கவில்லை. 2024 மார்கழியில் வடமராட்சிப் பக்கம் எலிக்காய்ச்சலில் ஏழெட்டுப் பேர் இறந்தார்கள். முதலில் என்ன காய்ச்சல் என்றே தெரியாமல் இருந்ததால் சனம் நடுங்கியது. அந்த நடுக்கத்தில்தான் வயலுக்கு இறங்குகிறவர்கள் தடுப்பு மாத்திரை வாங்கி விழுங்கினார்கள். நல்ல பயம். சீனிக்கு அப்படி ஒரு பயம் வராது. அது புதினம் இல்லை, பேப்பரில் வராது, செத்தவீட்டில் "சலரோகம்தானே" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகங்களை, எங்கள் கல்வெட்டுகளை எடுத்துப் பாரும். பிறந்த ஊர், குலம், குணம், பேரப்பிள்ளைகள் எல்லாம் வெண்பாவில் இருக்கும். எதனால் போனார் என்று பெரும்பாலும் இருக்காது.

அதற்காக எல்லாவற்றையும் தனி ஆளின் தலையில் கட்டவும் கூடாது. 1995இல் இலங்கையில் தற்கொலை ஒரு லட்சம் பேருக்கு 47 என்று உலகத்தின் உச்சியில் நின்றது. பத்து வருடத்தில் அது பாதியாகியது. சனம் திடீரென்று சந்தோஷமாகிவிட்டார்களா? அந்தக் காலம் எங்களுக்கு எப்படிப்பட்ட காலம் என்று சொல்லவா வேண்டும். கூடிய நஞ்சுள்ள பூச்சி மருந்துகளைத் தடை செய்தார்கள் என்பதே ஆய்வாளர்கள் காட்டுகிற முக்கிய காரணம். சில தடை உத்தரவுகள் ஒரு வரியையே பாதியாக்கின.

சரி, விமானம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த கணக்கு ஒன்று இருக்கிறது. 2018 முதல் 2022 வரை, உலகம் முழுவதையும் சேர்த்து, ஒருமுறை விமானம் ஏறுவதில் உயிர் போகும் வாய்ப்பு 1 கோடி 37 லட்சத்தில் ஒன்று. அகமதாபாத் விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் தப்பினார் என்பதும் உண்மை, இதுவும் உண்மை. இன்னொரு அளவுகோல் மைக்ரோமோர்ட். ரொனால்ட் ஹவார்ட் என்ற ஸ்ரான்போர்ட் பேராசிரியர் வைத்த பெயர். பத்து லட்சத்தில் ஒரு சாவு என்றால் ஒரு மைக்ரோமோர்ட். பிரித்தானியாவில் காரில் முந்நூறு நானூறு கிலோமீற்றர் ஓடினால் ஒரு மைக்ரோமோர்ட் செலவாகும் என்று சொல்வார்கள். அது நல்ல ரோட்டுக் கணக்கு. உமது வீட்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் அதே அளவு தூரம்தான், ஆனால் இரவில், ஏ9 வீதியில், கட்டாக்காலி மாடுகளுக்கு நடுவே. அப்பா வழியில் ஒரு இடம் மாறி இரண்டு விமானம் ஏறினாலும், வான் வண்டியில் ரோட்டில் போகிற அந்த ஓர் இரவு, பிரித்தானியக் கணக்கிலேயே ஏழு மடங்கு ஆபத்து. எங்கள் ரோட்டுக்கு அது இன்னும் கூடும்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் விமானத்துக்குப் பயந்து காரில் ஓடத் தொடங்கினார்கள். அடுத்த ஒரு வருடத்தில் வீதியில் ஏறத்தாழ 1,500 பேர் மேலதிகமாகச் செத்தார்கள் என்று கெர்ட் கிகெரென்சர் என்ற ஜேர்மன் உளவியலாளர் கணக்கிட்டார். ரொறன்ரோவுக்குக் காரில் போக ஏலாது என்பதால் அப்பாவுக்கு அந்தப் பிழை வராது. ஆனால் போகாமல் வீட்டில் இருந்தால் ஆபத்து பூச்சியம் என்று அவர் நினைக்கிறார் பாரும், அந்த வீட்டுக்குள்தான் எட்டு மாதமாகப் பார்க்காத சீனி இருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். எண்களைக் காட்டி அப்பாவோடு வாதாட வேண்டாம், தோற்றுப்போவீர். "கனடாவில் ஆஸ்பத்திரிச் செலவு தலைக்கு மேலே, போக முன்னர் ஒருக்கால் கிளினிக்கில் காட்டிவிட்டுப் போவோம்" என்று சொல்லும். அது பொய்யும் இல்லை. வான் வண்டியை வாடகைக்குப் பேசும்போது, அந்தச் சாரதி முதல் நாள் இரவு எங்கே ஓடினார் என்று கேட்டு, நித்திரை கொண்ட ஆளாகப் பிடியும். முடிந்தால் பகலில் புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்கும். அப்பாவைப் பெல்ட் உள்ள சீற்றில் இருத்தும்.

எப்படியும் முறிகண்டியில் வான் நிற்கும். கச்சான் வாங்கும்போது பிள்ளையாருக்கு என் பெயரிலும் ஒரு தேங்காய் உடைத்துவிடும். நிகழ்தகவு படிப்பித்த சேர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்கவேண்டாம். ஒரு தேங்காய்தானே.