பந்தைக் கடைசி வரை பார்க்க முடியுமா?

கேள்வி: மகன் பள்ளிக்கூடத்தின் 17 வயதுக் கிரிக்கெட் பிரிவில் துடுப்பெடுத்தாடுகிறான். வேகப்பந்து வந்தால் மட்டையை இறக்கப் பிந்திவிடுகிறான். கண் அசைவைப் பழக்கும் போன் செயலி ஒன்றுக்குக் காசு கட்டச் சொல்லிக் கரைச்சல் தருகிறான். பலன் இருக்குமா? (ஒரு தாய், மானிப்பாய்)

பதில்: கட்டாதீர்கள், அம்மா. திரையில் ஓடும் புள்ளியைத் துரத்திப் பழகுகிற பிள்ளை, புள்ளி துரத்துவதில்தான் கெட்டிக்காரனாவான்.

மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்து, வீசியவர் கையிலிருந்து துடுப்பாட்டக்காரரிடம் வந்து சேர 0.6 செக்கன்தான். கண்டு, முடிவெடுத்து, கை அசைவதற்கே 0.2 செக்கன் போய்விடும். பந்து கிட்ட வந்த பிறகு கண்ணால் அதோடு ஓட முடியாது. அப்படியானால் நன்றாக ஆடுகிறவர்கள் என்ன செய்கிறார்கள்? இங்கிலாந்தில் மைக்கேல் லாண்ட், பீற்றர் மக்லியோட் என்ற ஆய்வாளர்கள் துடுப்பாட்டக்காரர் மூன்று பேரின் கண்ணசைவைக் கமராவில் பிடித்து, 2000இல் முடிவை வெளியிட்டார்கள். பந்து புறப்படும் இடத்தைக் கண் கொஞ்ச நேரம் பார்க்கிறது. பிறகு பந்தை விட்டுவிட்டு, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிக் காத்திருக்கிறது. மூவரில் திறமானவரின் கண்தான் முதலில் தாவியது. "கடைசி வரை பந்தைப் பார்" என்று கத்தும் கோச்மார் என்னோடு கோபிக்கக்கூடும். தலையைப் பந்தின் பக்கம் திருப்பி வைத்திரு என்ற அர்த்தத்தில் என்றால், சரி.

இந்தத் தாவலை வீட்டு ஒழுங்கையிலேயே பழக்கலாம். குறுக்கே சோக்கால் மூன்று கோடு கீறி 1, 2, 3 என்று எழுதுங்கள். ஒருவர் ரெனிஸ் பந்தை எறியட்டும். மகன் மட்டையில்லாமல் நின்று, எறிகிற கையை மட்டும் பார்த்து, அது எந்தக் கோட்டுக்குக் கிட்டக் குத்தும் என்று, பந்து குத்த முன் இலக்கத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். குத்திய பிறகு சொன்னால் கணக்கில்லை. முதல் நாள் பிந்தித்தான் சொல்வான், சிரிக்காதீர்கள். பத்துக்கு ஏழு சரிவந்ததும் மட்டையைக் கொடுங்கள். பிறகு வலைப்பயிற்சியில் உண்மையான பந்துவீச்சாளரிடம் இதையே செய்யட்டும். கையையும் தோளையும் வாசிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். மெற்றிங்கிலிருந்து (பாய் விரித்த ஆடுகளம்) புல் விக்கெட்டுக்குப் போகும் நாளில் பந்து எழும்பும் உயரம் மாறும், அன்று கட்டாயம் பத்துப் பந்தாவது இப்படிப் பார்க்கட்டும்.

இன்னொன்று, வகுப்பில் கரும்பலகை எழுத்துத் தெளிவாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். சந்தேகம் என்றால் செயலிக்கான காசைக் கண் பரிசோதனைக்கு வையுங்கள். கண்ணாடி எழுதித் தந்தால், பிரேம் வாங்கப் போகும்போது ஹெல்மெற்றையும் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள்.