செபஸ்தியாவ் வெள்ளி நாணயத்தில் ‘120’

16ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகல் மன்னர் செபஸ்தியாவ் கால வெள்ளிக் காசான உங்கள் தொஸ்தாவில், கிரீடத்தின் கீழுள்ள 120 என்ன என்று கேட்டிருந்தீர்கள்; அதன் விளிம்பு கோணலாகவும் மேற்பரப்பு கருத்தும் இருப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். அந்த 120 ஆண்டும் அல்ல, சேதமும் அல்ல. அது பிற்கால மேல்முத்திரை, அதாவது ஏற்கெனவே வெளியான காசின் மேல் பின்னர் அடித்த முத்திரை. 1640இல் ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்ட போர்ச்சுகலில், போர்ச் செலவுக்குத் திண்டாடிய நான்காம் ஜொவாவின் அரசு, 100 ரெயிஸ் (அன்றைய போர்ச்சுகல் பண அலகு) மதிப்புள்ள பழைய தொஸ்தாவை 120 ஆக உயர்த்திக் குத்தியதாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

சாய்ந்த வெளிச்சத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள்: எண் சிறு பள்ளத்துக்குள் எழும்பி நிற்க வேண்டும், அதற்கு நேர் பின்புறத்தில் எழுத்தோ சிலுவையோ தட்டையாகியிருக்கும்.

போலி முத்திரைகளும் உண்டு. கோணல் விளிம்பு சுத்தியலால் அடித்த காசுக்கு இயல்பே என்றாலும், வெள்ளியைக் கத்தரித்த தடமாகவும் இருக்கலாம் என்பதால், எடை போடாமல் விலை பேசாதீர்கள். அந்தக் கருமையைத் தயவுசெய்து தேய்த்துப் போக்கிவிடாதீர்கள்.