பயிற்சிக்குப் போங்கள், அம்மாவின் 700 ரிங்கிட்டையும் கணக்கில் எழுதிவிட்டு

கேள்வி: எனக்கு வயது 29. பட்டர்வொர்த்தில் அம்மாவுடன் இருக்கிறேன். அப்பா இல்லை. பாலம் தாண்டிப் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை. சம்பளம் 4,500 ரிங்கிட், பிடித்தம் போகக் கைக்கு வருவது 3,900 அளவில். அம்மாவுக்கு மாதம் 700 கொடுக்கிறேன். மைவி காருக்கு 620, இன்னும் மூன்று வருடம் கட்ட வேண்டும். பிடிபிடிஎன் கல்விக் கடனுக்கு 180. வங்கியில் 18,000 இருக்கிறது. இபிஎஃப் சேமநிதியில் 62,000, அதில் நெகிழ்வுக் கணக்கில் மட்டும் 2,400. மிஷனரியாகப் போக வேண்டும் என்ற பாரம் எனக்குப் பல வருடமாக இருக்கிறது. இப்போது ஐந்து மாத முழுநேரப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்று மாதம் வகுப்பு, இரண்டு மாதம் வெளிநாட்டில் களப்பணி. பயணத்தோடு சேர்த்து 11,000 ஆகும். முடித்தபின் இரண்டு வருடம் ஊழியம் செய்ய அழைக்கிறார்கள், சம்பளம் கிடையாது. இபிஎஃப் பணத்தை எடுக்கலாமா, வங்கிக் கடன் வாங்கலாமா? சபையில் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்கிறாள் தோழி.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புள்ள சகோதரி, நானும் சபைக்குப் போகிறவன்தான். உங்கள் அழைப்பு உண்மையா என்று பார்ப்பது உங்கள் போதகரோடும் ஜெபத்தோடும் ஆக வேண்டிய காரியம், அதில் நான் தலையிட மாட்டேன். பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள், அதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மா. உங்கள் கடிதத்தில் 11,000 ரிங்கிட் கட்டணத்தைப் பற்றிய கவலை தெரிகிறது. ஆனால் ஐந்து மாதமும் அதன்பிறகு இரண்டு வருடமும் அம்மாவின் 700 எங்கிருந்து வரும் என்று ஒரு வரிகூட இல்லை. மாற்கு ஏழாம் அதிகாரத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார்! ஊழியத்துக்குப் போவதால் அம்மாவின் மாதப் பணம் நின்றுவிடக் கூடாது. பயிற்சிக் கட்டணம், விமான டிக்கெட் எழுதும் அதே தாளில் அதையும் ஒரு செலவாக எழுதுங்கள். அதைச் சேர்த்து எவ்வளவு வருகிறதோ அதுதான் நீங்கள் திரட்ட வேண்டிய தொகை. அம்மாவிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். டிக்கெட் எடுத்த பிறகு சொன்னால் அவருக்குப் பயம்தான் வரும்.

சரி, இப்போது கணக்கு. அம்மாவுக்கு 700, கார் 620, பிடிபிடிஎன் 180, அதோடு உங்கள் கைப்பேசிக்கும் மருத்துவக் காப்புறுதிக்கும் ஒரு 240. மாதம் 1,740. ஐந்து மாதத்துக்கு 8,700. பயிற்சிக்கு 11,000. ஆக மொத்தம் 19,700. உங்களிடம் இருப்பது 18,000. களப்பணி முடியுமுன்பே பணம் தீர்ந்துவிடும்.

இபிஎஃப்பில் இருந்து எடுக்க முடிவது, நீங்களே எழுதியபடி, நெகிழ்வுக் கணக்கில் உள்ள 2,400 மட்டுமே. 2024 மே மாதத்திலிருந்து வரும் சந்தாவில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்குக்கும், 15 விழுக்காடு செஜாத்ரா (நல்வாழ்வு) கணக்குக்கும், 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்கும் போகிறது. முதல் இரண்டு கணக்குகளையும் ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொல்லித் திறக்க முடியாது. அது நல்லதுதான் என்பேன். 2023-இல் லாப ஈவு 5.50 விழுக்காடு, 2024-இல் 6.30. இனி 5 விழுக்காடுதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு காசுகூடச் சேர்க்காமல் விட்டாலும், இந்த 62,000 உங்களுக்கு 55 வயதாகும்போது ஏறக்குறைய 2 லட்சத்து 20 ஆயிரமாக இருக்கும். இரண்டு வருடத்துக்குப் பின்னும் ஊழியத்திலேயே நின்றுவிட்டால், முதுமையில் உங்களைத் தாங்குவது இதுதான். அந்த 2,400-ஐயும் தொடாதீர்கள். நிரந்தரச் சம்பளம் இல்லாத காலத்தில் இபிஎஃப்பின் ஐ-சாரான் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். வருடம் 2,500 ரிங்கிட் போட்டால் அரசாங்கம் அதில் 20 விழுக்காடு, அதாவது 500 ரிங்கிட், சேர்த்துக் கொடுக்கிறது. பணம் கொடுத்து உங்களைத் தாங்குபவர்களிடம் கொடுக்கும் பட்ஜெட்டில் இதையும் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வங்கிக் கடன் வேண்டவே வேண்டாம். சம்பளம் நிற்கப் போகிற நேரத்தில் புதிய தவணை ஏற்றிக்கொண்டால், கட்ட முடியாத மாதத்தில் அந்தப் பாரம் அம்மாவின் தலையில் வந்து விழும்.

பயிற்சிக்குக் கிளம்புமுன் காரை விற்றுவிடுங்கள். பாலம் தாண்டி வேலைக்குப் போகத்தான் கார். வேலை இல்லாதபோது அது வீட்டு வாசலில் நின்றபடி மாதம் 620 கேட்கும். வாடகைக் கொள்முதல் சட்டத்தின்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினாலே வண்டியை எடுத்துக்கொள்ளும் நடவடிக்கையை வங்கி தொடங்கலாம். இன்று முழுதாக அடைத்தால் எவ்வளவு என்று வங்கியிடம் கேளுங்கள். விற்கும் விலை அதைவிடக் குறையாமல் இருந்தால் தயங்க வேண்டாம். குறைந்தால், வித்தியாசத்தைச் சேமிப்பிலிருந்து கட்டித் தீர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது, இந்த முறை போகாமல் ஆறு மாதம் பொறுத்து அடுத்த பயிற்சிக்குப் போக முடியுமா என்று கேளுங்கள். அழைப்பு ஆறு மாதத்தில் ஆறிப்போகாது. மாதம் 1,000 சேர்த்தால் 6,000, ஆகக் கையில் 24,000. கார் இல்லாததால் மாதச் செலவு 1,120, ஐந்து மாதத்துக்கு 5,600. பயிற்சிக் கட்டணத்தில் பாதியைச் சபை ஏற்றால் உங்கள் பங்கு 5,500. பயிற்சி முடிந்து வீட்டுக்கு வரும்போது 12,900 மிச்சமிருக்கும். அம்மாவின் பணமும் மற்ற தவணைகளும் சேர்த்துப் பதினொரு மாதத்துக்குத் தாங்கும். அந்த நிலையில் நின்றுகொண்டு இரண்டு வருட ஊழியத்தைப் பற்றி நிதானமாக முடிவெடுக்கலாம். கையில் ஒன்றுமில்லாமல் எடுக்கும் முடிவு அப்படி இருக்காது.

வேலையை விடுமுன் முதலாளியிடம் ஐந்து மாதச் சம்பளமில்லா விடுமுறை கேட்டுப் பாருங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை, ஆனால் நல்ல ஊழியரை இழக்க விரும்பாத நிறுவனங்கள் கொடுப்பதுண்டு. பயிற்சியில் சேர்ந்த எல்லோரும் மிஷனரியாகிவிடுவதில்லை. திரும்ப ஒரு வேலை காத்திருப்பது உங்கள் விசுவாசத்தைக் குறைத்துவிடாது. நீங்களாக ராஜினாமா செய்தால் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் வேலைக் காப்புறுதிப் பணமும் கிடைக்காது. இன்னொன்று, தொழிற்சாலை கொடுக்கும் மருத்துவக் காப்பு வேலையோடு போய்விடும். சொந்தமாக மருத்துவக் காப்புறுதி அட்டை இல்லையென்றால் இப்போதே எடுங்கள். பொதுவாக முதல் 30 நாளும், குறிப்பிட்ட சில நோய்களுக்கு 120 நாளும் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டில் நீண்ட நாள் தங்கினால் அது செல்லுமா என்பதையும் பாலிசியில் படித்துப் பாருங்கள்.

கூச்சத்துக்கு வருகிறேன். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து சம்பாதித்தார், பிலிப்பி சபை அனுப்பிய பணத்தையும் வாங்கிக்கொண்டார். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியது டென்மார்க் மன்னர். அவர்கள் யாரும் செலவில்லாமல் போகவில்லை, யாரோ ஒருவர் கொடுத்துத்தான் போனார்கள். ஆராதனை முடிந்து வாசலில் நின்று பொதுவாகக் கேட்க வேண்டாம். போதகரையும் சபைக் கமிட்டியையும் உட்கார வைத்து ஒரே தாளில் பட்ஜெட்டைக் காட்டுங்கள், அம்மாவின் 700 உட்பட. மாதம் 50, 100 என்று இத்தனை பேர், இத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். உணர்ச்சியில் கை தூக்கியவர்கள் நான்காம் மாதத்தில் மறந்துவிடுவார்கள், அது அவர்கள் குற்றமுமில்லை. பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வராமல் சபைக் கணக்கு வழியாக வரட்டும். உங்கள் கையில் நேராகக் கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்காது. வரி இலாகாவின் அங்கீகாரம் பெற்ற அமைப்பின் வழியாகக் கொடுத்தால் கிடைக்கும். உங்கள் சபைக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்று பொருளாளரிடம் கேளுங்கள்.

பயிற்சி நடத்துபவர்களிடமும் கேட்க வேண்டியவை உண்டு. பாதியில் விலகினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? களத்தில் நோய்வாய்ப்பட்டால் ஊருக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது? இரண்டு வருட ஊழியத்தில் அவர்கள் தருவது என்ன, நீங்களே திரட்ட வேண்டியது என்ன? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வந்த பிறகு முன்பணம் கட்டுங்கள், ரசீதை அம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.