ஆற்று மீனும் கட்டத்தின் அளவும்: கேள்வி பதில்

மீன் பிடிபட்ட இடங்களையும், அங்குள்ள வெப்பம், மழை, சரிவு ஆகியவற்றையும் கணினிக்குக் கொடுத்து, அந்த மீன் வேறெங்கே வாழக்கூடும் என்று வரைபடம் போடுவதுதான் பரவல் மாதிரி. அதில் நிலத்தை எவ்வளவு பெரிய கட்டங்களாகப் பிரிப்பது என்பது பற்றி வந்த கேள்விகள் இவை.

பென்னாகரம், முதுகலை மாணவர்: அண்ணா, ஒரு கிலோமீட்டர் கட்டத்தில் ஒகேனக்கல்லுக்கு மாதிரி போட்டேன். பாறை இடுக்கில் வாழும் மீனும் மடுவில் கிடக்கும் கெளுத்தியும் ஒரே கட்டத்தில் வருகின்றனவே?

வரத்தான் செய்யும், தம்பி. ஒருமுறை பரிசல்காரர் அங்கே துடுப்பை ஊன்றிக் காட்டினார். முழங்கால் ஆழம். சற்றுத் தள்ளிப் போனதும் துடுப்புக்குத் தரையே எட்டவில்லை. அருவி, பாறைச் சந்து, மடு எல்லாம் உங்கள் ஒரே கட்டத்துக்குள் அடங்கி, சராசரியாகிவிடுகின்றன. மீன் சராசரியில் வாழ்வதில்லை. இந்தக் கேள்விக்கு நூறு, இருநூறு மீட்டர் நீளத் துண்டுகளாக ஆற்றைப் பிரித்து, ஆழத்தையும் அடிமண்ணையும் நேரில் அளக்க வேண்டும்.

ஓசூர், ஆசிரியை: அப்படியானால் கட்டத்தைச் சிறிதாக்கினால் போதுமா, ஐயா?

போதாது, அம்மா. உங்கள் ஊர்க் கெலவரப்பள்ளி அணையையே பாருங்கள். அங்கே பொங்கும் நுரைக்குக் காரணம் அணைக்கரையில் மட்டும் இல்லை. பெங்களூருவின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவுநீரும் தென்பெண்ணையில்தான் வந்து சேர்கிறது. அணையைச் சுற்றி எவ்வளவு நுணுக்கமாக அளந்தாலும் அந்தக் காரணம் கட்டத்துக்குள் சிக்காது. ஆற்றின் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கு மேலேயுள்ள நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலத்து விலங்குக்குப் போடும் மாதிரியை அப்படியே மீனுக்குப் போடுகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

பாலக்கோடு, வன ஆர்வலர்: 18 கி.மீ. கட்டத்தில் இலவசமாகக் கிடைக்கும் காலநிலைத் தரவு பயன்படுமா?

காலநிலையைப் பொறுத்த பெரிய போக்கைப் பார்க்கப் பயன்படும். ஆனால் அவ்வளவு பெரிய கட்டம், காவிரிக்குப் போகும் சின்னாற்றையும் தென்பெண்ணைக்குப் போகும் ஓடைகளையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். திமில் மகசீர் என்ற மீனைப் பாருங்கள். அது காவிரி வடிநிலத்துக்கே, அதாவது காவிரிக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்புக்கே உரியது. 2018-இல் மிக அருகிவிட்ட இனமாகப் பட்டியலிடப்பட்டது. காலநிலை மட்டும் பார்க்கும் மாதிரி, வெப்பமும் மழையும் ஒத்திருப்பதால் தென்பெண்ணையிலும் அதற்கு இடம் போட்டுவிடக்கூடும். அந்த மீன் மேட்டைத் தாண்டி நடந்தா போகும்? வடிநில எல்லையை முதலில் வரையுங்கள். தூரத்தை நேர்கோட்டில் அளக்காமல் ஆற்றின் வழியே அளங்கள். குறுக்கே நிற்கும் அணைகளையும் குறியுங்கள்.

காவேரிப்பட்டணம், மீன் வளர்ப்பவர்: ஏரியில் பிடித்த கட்லா, ரோகுவையும் சேர்க்கலாமா?

வேண்டாம். அவை நாம் குஞ்சு விட்ட இடத்தைத்தான் காட்டும்.

அதே பென்னாகரம் மாணவர்: நான் இப்போது முதலில் என்ன செய்வது, அண்ணா?

மீன் பிடிபட்டதாக நீங்கள் குறித்த புள்ளிகளைத் திறந்து பாருங்கள். எத்தனை புள்ளி எளிதில் போகக்கூடிய பாலத்தருகே, எத்தனை பஸ் போகாத இடத்தில்? கரையில் நின்று குறித்த புள்ளி பக்கத்து ஓடையின் மேல் விழுந்திருந்தால், அதைச் சரியான ஆற்றுக்கோட்டுக்கு நகர்த்துங்கள். பிறகு ஆற்றுத்துண்டு, துணை வடிநிலம் (ஒரு கிளையாற்றுக்கு நீர் சேரும் பரப்பு) என இரண்டு அளவிலும் மாதிரியை ஓட்டி, விடை எங்கே மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.