லண்டன் – நியூயார்க் விமானப் பயணம்: தூரமும் நேரமும்

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தூரம் எவ்வளவு? பார்க்கும் இடமெல்லாம் வெவ்வேறு எண்களாக இருக்கின்றனவே?

பதில்: ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து கென்னடி விமான நிலையம் வரை ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். இதையே சிலர் சாதாரண மைலிலும், விமானத் துறையினர் கடல் மைலிலும் சொல்வதால்தான் 3,440 என்றும் 2,990 என்றும் எண்கள் மாறித் தெரிகின்றன. இது பூமியின் வளைவை ஒட்டிய மிகக் குறுகிய வழியின் அளவு. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் பெரும்பாலும் இதைவிடச் சற்று கூடும்.

கேள்வி: போகும்போது எட்டு மணி நேரம், திரும்பும்போது ஏழு மணி நேரம். பூமி சுழல்வதுதான் காரணமா?

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்வதால், சுழற்சி நேரடியாக எந்தப் பயணத்தையும் குறுக்குவதில்லை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டமே காரணம். குளிர்காலத்தில் அதன் வேகம் சில நாட்களில் மணிக்கு 300 கிலோமீட்டரையும் தாண்டும். 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று, புயலோடு வந்த இக்காற்றின் துணையால், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. தரையிலிருந்து கணக்கிட்டால் அதன் வேகம் ஒலியின் வேகத்தை மிஞ்சியதுபோலத் தோன்றும். தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்திலேயே பறந்தது. இதனால்தான் அட்லாண்டிக்கின் மேல் வான்பாதைகளை அன்றன்றைய காற்றைப் பார்த்து வகுக்கிறார்கள்: கிழக்கே வருபவை இக்காற்றின் துணையோடு வர, மேற்கே போகிறவை அதைத் தவிர்த்துச் சுற்றிப் போகின்றன.

கேள்வி: காலை 11 மணிக்கு லண்டனில் கிளம்பி, பிற்பகல் 2 மணிக்கு இறங்குவதாகப் பயணச்சீட்டில் உள்ளதே?

பதில்: இரண்டும் அந்தந்த ஊர் நேரம், நியூயார்க் ஐந்து மணி நேரம் பின்தங்கியுள்ளது. கோடைக்கால நேரத்தை இரு நாடுகளும் வெவ்வேறு நாளில் மாற்றுவதால், மார்ச்சில் சில வாரங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் இந்த இடைவெளி நான்கு மணி நேரமாகிவிடும்.

கேள்வி: பறந்தது ஏழு மணி நேரம்தான், அட்டவணையில் எட்டு என்று போடுவது ஏன்?

பதில்: விமானம் ஒரு நிலையத்தின் வாயிலிலிருந்து நகர்ந்து மறு நிலையத்தின் வாயிலில் நிற்கும் வரை உள்ள நேரமே அட்டவணை நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், தரையிறங்க வானில் காத்திருப்பதும் அதில் அடங்கும்.

கேள்வி: ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்ட் பயணிகள் விமானம் எவ்வளவு நேரம் எடுத்தது?

பதில்: சுமார் மூன்றரை மணி நேரம். 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 விநாடியில் வந்ததே சாதனை. 2003-இல் அச்சேவை நின்றது.

கேள்வி: சென்னை – சிங்கப்பூர் வழியிலும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் கொண்ட அந்த வழி நிலநடுக்கோட்டை நெருங்குவதால், மேற்சொன்ன காற்றோட்டம் அங்கே பெரிதாக எட்டுவதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவின் மேல் உயரத்தில் கிழக்கிலிருந்தே காற்று வீசுவதால், அப்போது எதிர்க்காற்றைச் சமாளிக்க வேண்டியது சிங்கப்பூருக்குப் போகும் விமானம்தான்.