புதிய வேலையைத் தொடங்குவதை நிறுத்துங்கள்

கேள்வி: கோவையில் ஏழு பேருடன் சில்லறைக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கிறோம். வாரத்துக்கு நான்கு வேலைகள் முடிகின்றன. தொடங்கி முடியாமல் நிற்பவை 24. சிறு மாற்றத்தைச் செய்து கொடுக்கவே ஒன்றரை மாதம் ஆகிறது. விரயத்தைக் குறைத்து வேலை செய்யும் 'லீன்' முறைக்கு மாறச் சொல்லும் ஆலோசகர் ஒருவர் பயிற்சி, சான்றிதழ், புதிய மென்பொருள் மூன்றுக்கும் சேர்த்து நான்கு லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் நோய்க்கான காரணம் நீங்கள் எழுதிய எண்களிலேயே இருக்கிறது. கையில் 24 வேலை, வாரத்துக்கு நான்கு முடிகிறது என்றால், ஒரு வேலை வெளியே வர சராசரியாக ஆறு வாரம். அதுதான் உங்கள் ஒன்றரை மாதம். இது காத்திருக்கும் வரிசைகளைப் பற்றி 1961-இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்த கணக்கு. அதே வேகத்தில், கையில் எட்டு வேலை மட்டும் இருந்தால் இரண்டே வாரம். யாரும் இரவு தங்கி உழைக்க வேண்டியதில்லை.

இன்னும் தொடங்காத கோரிக்கைகள் வாசலில் காத்திருக்கட்டும். அவற்றுக்காக நீங்கள் இன்னும் ஒரு ரூபாயும் செலவழிக்கவில்லை. தேவையில்லை என்று பிறகு தெரிந்தால் நஷ்டமில்லாமல் தள்ளிவிடலாம். பாதி எழுதிய நிரலை அப்படித் தள்ள மனம் வராது.

லீன் முறைக்கு மூலமான டயோட்டா கார் நிறுவனத்தில், பொறியாளர் தைச்சி ஓனோ ஏழு வகை விரயங்களைப் பட்டியலிட்டு, தேவைக்கு முன்பே உற்பத்தி செய்வதைத்தான் தலையாயதாகக் கருதினார். கார் ஆலையில் தேங்கிய சரக்கு தரையில் குவிந்து காலை இடறும். மென்பொருளில் அது கணினிக்குள் மறைந்து கிடக்கும். அதனால்தான் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வேண்டும் என்கிறேன். ஒரு வேலைக்கு ஒரு சீட்டு. எட்டுச் சீட்டு நிறைந்துவிட்டால், ஒன்று வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை ஒன்பதாவதை ஒட்டக் கூடாது. முதலாளியாகிய நீங்களும் ஒட்டக் கூடாது.

ஒரே ஒரு விலக்கு உண்டு. 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. விகித மாற்றத்தை அறிவித்து 22-ஆம் தேதியே நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். இடையில் 19 நாள். இப்படிச் சட்டம் தேதி குறித்த வேலைக்குப் பலகையில் தனி வரிசை வையுங்கள். அதில் ஒரே ஒரு சீட்டுக்குத்தான் இடம். பெரிய வாடிக்கையாளர் தொலைபேசியில் சத்தம் போட்டார் என்பதற்காக அவருடைய சீட்டை அங்கே ஒட்டாதீர்கள். விற்பனைக்காரர் கொடுத்த வாக்கையும் ஒட்டாதீர்கள். தவறினால் கடைக்காரர் சட்டத்தை மீறியவர் ஆவாரா என்று கேளுங்கள். ஆவார் என்றால் மட்டுமே அந்த வரிசை.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். லீனுக்கு உரிமை கொண்டாடும் ஒற்றை அமைப்பு உலகில் எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடித்துத் தரலாம். இது தெரிந்தும் பெரிய நிறுவனங்கள் சிறு நிறுவனங்களிடம் காகிதம் கேட்கின்றன. வேலை எத்தனை நாளில் கைக்கு வரும் என்று கேட்பதில்லை. இடைத்தரகர்கள் பிழைப்பது இந்த மடத்தனத்தால்தான். இவர்களில் சிலர் அடுத்த கட்டமாக, "சோதனையாளரை நீக்குங்கள், செலவு குறையும்" என்பார்கள். நம்பாதீர்கள். டயோட்டாவில் பழுதைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். அந்த அதிகாரத்தை உங்கள் சோதனையாளருக்குக் கொடுங்கள்.

ஆலோசகரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஆறு வாரம் இரண்டாகக் குறைந்த பிறகு கட்டணம் வாங்கிக்கொள்ளச் சம்மதமா? சம்மதித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.