கிளைமேக்ஸ் இன்ஜினோடு ஒரு பழைய பந்தயக் கார்: எங்கே தேடுவது, எதைப் பார்ப்பது?

கேள்வி: 1950களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் பந்தயக் கார் ஒன்றை வாங்கிப் பழைய கார்களுக்கான போட்டிகளில் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதில் கோவென்ட்ரி கிளைமேக்ஸ் என்ற நிறுவனத்தின் 1100 சிசி இன்ஜின்தான் இருக்க வேண்டும். ஆனால் விற்பனைக்கு வருபவற்றில் பலவற்றில் வேறு இன்ஜின் இருக்கிறது. எப்படித் தேடுவது? இருப்பது சரியான இன்ஜின்தானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: முதலில் தேடும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கிளைமேக்ஸ் இன்ஜினுக்கென்றே கட்டப்பட்ட காரைத் தேடுங்கள். இன்று அதில் வேறு இன்ஜின் உட்கார்ந்திருந்தாலும் தள்ளிவிடாதீர்கள். பந்தயக் காரில் இன்ஜின் என்பது டயர் மாதிரிதான். வெடித்தால் அடுத்த வாரம் வேறொன்று ஏறிவிடும். அதனால் சாலைக் கார் சேகரிப்பவர்கள் பெரிதாகப் பேசும் ‘மேட்சிங் நம்பர்’, அதாவது கார் பிறந்தபோது இருந்த அதே எண்ணுள்ள இன்ஜின், இங்கே அவ்வளவு முக்கியமில்லை. கிளைமேக்ஸ் இன்ஜினைத் தனியாகத் தேடி வாங்கலாம். கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாம் இன்றும் புதிதாகச் செய்து தருகிறார்கள். காரின் உண்மையான வரலாற்றை யாரும் செய்து தர முடியாது.

இந்த இன்ஜினின் பூர்வீகம் தெரிந்தால் தேடுவது எளிது. வால்டர் ஹாசனும் ஹாரி மண்டியும் தூக்கிச் செல்லும் தீயணைப்புப் பம்புக்காக வடிவமைத்த 1020 சிசி அலுமினிய இன்ஜின்தான் இதன் மூதாதை. எடை குறைவு என்பதாலேயே பந்தயக்காரர்களின் கண் அதன் மேல் விழுந்தது. 1954இல் அது எஃப்.டபிள்யூ.ஏ. என்ற 1098 சிசி இன்ஜின் ஆனது. நீங்கள் தேடும் ‘1100’ இதுதான். அதே ஆண்டு பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கீஃப்ட் என்ற காரில் ஓடியது. அப்புறம் கூப்பரின் டி39, லோட்டஸ் மார்க் 9, லோட்டஸ் லெவன், லோலா மார்க் 1 என்று 1100 சிசி வரையிலான இன்ஜின்களுக்கான பிரிவே இதன் கைக்குள் வந்துவிட்டது. உங்கள் பட்டியல் இந்தக் கார்களிலிருந்து தொடங்கட்டும்.

லோட்டஸ் லெவனில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது மூன்று வகைகளில் வந்தது. லெ மான், கிளப் ஆகிய இரண்டும் கிளைமேக்ஸுக்கானவை. ஸ்போர்ட் என்பது 1172 சிசி ஃபோர்டு சைடு வால்வு (வால்வுகள் சிலிண்டரின் பக்கவாட்டில் இருக்கும் பழைய வகை) இன்ஜினோடு விற்கப்பட்டது. ஸ்போர்ட்டாகப் பிறந்து பின்னாளில் கிளைமேக்ஸ் ஏற்றப்பட்ட கார்கள் உண்டு. அதில் குற்றமொன்றும் இல்லை, விற்பவர் அதைச் சொல்லி, விலையும் அதற்கேற்ப இருந்தால். லெ மான் வகைக்குப் பின்னால் டி டியான் அச்சு: டிஃபரன்ஷியல் சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கும், சக்கரங்களைத் தனிக் குழாய் ஒன்று இணைக்கும். கிளப்புக்கு லைவ் ஆக்சில்: டிஃபரன்ஷியலும் அச்சும் ஒரே துண்டாகச் சக்கரங்களோடு ஏறி இறங்கும். குனிந்து பார்த்தாலே தெரியும். 1980களில் வெஸ்ட்ஃபீல்டு நிறுவனம் இதே உருவத்தில் நகல் கார்கள் செய்தது என்பதையும் மறக்காதீர்கள். தூரத்தில் நின்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். கிளைமேக்ஸ் என்று சொல்லி விற்கப்படுவதெல்லாம் 1100 அல்ல. லோட்டஸ் எலீட்டில் வந்த எஃப்.டபிள்யூ.இ. 1216 சிசி, எஃப்.டபிள்யூ.பி. 1460 சிசி. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே குடும்ப முகம். 1216 சிசி இன்ஜினோடு போனால் 1100 பிரிவில் நிற்க முடியாது. பிளாக்கில் பொறித்த எண்ணை மட்டும் நம்பாமல் அளந்து பாருங்கள். எஃப்.டபிள்யூ.ஏ.வின் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 66.6 மி.மீ., எஃப்.டபிள்யூ.பி.யின் ஸ்ட்ரோக் 80 மி.மீ. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வளையும் பிளாஸ்டிக் குச்சி ஒன்றை உள்ளே விட்டு, கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினால் பிஸ்டன் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று தெரிந்துவிடும். துல்லியமாக வராது, ஆனாலும் 13 மி.மீ. வித்தியாசம் ஒளியாது. எஃப்.டபிள்யூ.இ.க்கு இந்தச் சோதனை உதவாது. ஸ்ட்ரோக் அதே 66.6தான், சிலிண்டரின் உள்விட்டமான போர் (bore) மட்டும்தான் 72.4க்குப் பதில் 76.2 மி.மீ. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி அளக்க வேண்டும். விற்பவர் மறுத்தால், கடைசியாக இன்ஜினைப் பிரித்துக் கட்டியவரின் பில்லையும் படங்களையும் கேளுங்கள்.

முழுக்க அலுமினியம் என்பதால் இதன் எதிரி அரிப்பு. ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோட்டில், தண்ணீர்க் குழாய் இணையும் இடத்தில், உப்புப் பூத்தது போல் வெள்ளைப் பொடி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இருந்தால் உள்ளே இன்னும் மோசமாக இருக்கலாம். பழைய கிராங்க் என்றால் விரிசல் சோதனை அறிக்கை இல்லாமல் தொடவே வேண்டாம்.

காரின் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், இதைவிட அதிக நேரம் செலவிடுங்கள். எண் பொறித்த தகடு ரிவெட் அடித்த ஒரு துண்டு, அவ்வளவுதான். மெல்லிய குழாய்களைப் பற்றவைத்துக் கட்டிய சட்டம் விபத்தில் வளைந்தால் அந்தக் காலத்திலேயே புதுச் சட்டம் போட்டுவிடுவார்கள். பழையது ஒரு மூலையில் கிடக்கும். பிறகு யாராவது அதைச் சீர்செய்வார். இப்படி ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள் உரிமை கொண்டாடுவதுண்டு. அதனால் சட்டம் மாற்றப்பட்டதா, பழைய சட்டம் எங்கே போனது என்ற கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள். முதல் உரிமையாளர் தொடங்கி இன்றுவரை விடுபடாத பெயர் வரிசை, அக்காலப் பந்தயப் படங்கள், போட்டி முடிவுகள் ஆகியவைதான் சான்று. சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ தரும் வரலாற்றுத் தொழில்நுட்ப பாஸ்போர்ட் போட்டியில் நுழைய உதவும். ஆனால் அது காரின் பூர்வீகத்துக்கு உத்தரவாதம் அல்ல. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

எங்கே தேடுவது என்றால், ஏலப் பட்டியல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கார்கள் அங்கே போவதற்கு முன்பே கை மாறுவது வழக்கம். லோட்டஸுக்கு ஹிஸ்டாரிக் லோட்டஸ் ரெஜிஸ்டர் இருக்கிறது. மற்ற கார்களுக்கும் இதுபோன்ற பதிவேடுகளை நடத்துபவர்களைக் கேட்டுப் பாருங்கள். எந்த எண் யாரிடம் என்று அவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்தின் குட்வுட் போன்ற இடங்களில் பழைய கார் போட்டிகள் நடக்கும்போது, கார்களை நிறுத்தித் தயார்செய்யும் பேடாக்கில் ஒரு நாள் சுற்றுங்கள். கிளைமேக்ஸ் இன்ஜின் கட்டும் பட்டறைக்காரர்களிடம் உங்கள் தேவையைச் சொல்லி வையுங்கள். எந்த உரிமையாளர் களைத்துவிட்டார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அமெரிக்காவையும் விட்டுவிடாதீர்கள். அங்கே போன லெவன்கள் ஏராளம். வேறு இன்ஜின் ஏறிய கார்களும் அங்கே கிடைக்கும்.

அப்படி ஒரு கார் கிடைத்தால், விலை பேசும் முன் இன்ஜின் மவுண்டுகளின் (சட்டத்தில் இன்ஜினைத் தாங்கும் பகுதிகள்) படத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய தாங்கிகள் வெட்டப்படாமல் இருந்தால் கிளைமேக்ஸை மறுபடி ஏற்றுவது நேரடியான வேலை. வெட்டியிருந்தால், சட்டத்தைச் சரிசெய்யும் செலவையும் கணக்கில் சேர்த்து விலை கேளுங்கள்.